சொல்றாரா, சொல்லிக்கிறாரா

வெள்ளிக்கிழமை சாயங்காலம், போலந்துக்காரர்கள் கூடும் எங்கள் போலிஷ் கிளப்பில் மீன் வறுவல் சாப்பாடு இருக்கும். என் அண்ணன் பெண்டாட்டி டார்லா உள்ளே நுழைந்தால் போதும், அதுவரை நன்றாக நடந்துகொண்டிருந்தவர்கள்கூட நொண்ட ஆரம்பிப்பார்கள். ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். இன்னொருவர் பீர் குவளையை இடது கைக்கு மாற்றுவார், ஏனென்றால் வலது தோள்பட்டைக்குத்தான் அவருக்கு இழப்பீடு வந்துகொண்டிருக்கிறது. டார்லா யாரையும் கவனிக்காத மாதிரி தட்டில் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு மூலை மேஜைக்குப் போவாள். கவனிக்காத மாதிரிதான். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

பதினாறு வருஷம் அவளுக்கு அதுதான் பிழைப்பு. வேலையிடத்தில் அடிபட்டு வீட்டில் கிடப்பவர்கள் நிஜமாகவே அடிபட்டுத்தான் கிடக்கிறார்களா என்று பார்த்துவர இன்சூரன்ஸ் கம்பெனி அவளை அனுப்பும். தெருமுனையில் காரை நிறுத்தி, கேமராவை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். முதுகு போய்விட்டது என்று எழுதிக்கொடுத்தவன் புல்வெட்டும் இயந்திரத்தைத் தூக்கி வண்டியில் ஏற்றுகிற நேரத்தில் சரியாகப் பிடித்துவிடுவாள். அவள் எழுதும் அறிக்கைகளில் ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வரும். “முதுகு வலிப்பதாகச் சொல்லிக்கொள்கிறார். கையைத் தூக்க முடியவில்லை என்று சொல்லிக்கொள்கிறார்.” அவளிடம் எவரும் எதையும் சொன்னதே கிடையாது. எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். என் அண்ணன் லென் துறைமுகத்தில் சுண்ணாம்புக்கல் இறக்குகிறவன். ஒரு வருஷமாக இடுப்பு வலி என்று சொல்லிக்கொண்டிருந்தான். பாருங்கள், எனக்கே அந்த வார்த்தைதான் வருகிறது. பனி கொட்டிய காலையில் வாசலைச் சுத்தம் செய்யச் சொன்னால் இடுப்பு வலிக்கும். ஆனால் ஏரி உறைந்துவிட்டால் சனிக்கிழமை தவறாமல் சின்னக் கூடாரத்தையும் பனியில் துளை போடும் துரப்பணத்தையும் சறுக்கு வண்டியில் கட்டிக்கொண்டு மீன் பிடிக்கப் போய்விடுவான். போகிறவன் மீனாவது கொண்டுவருவானா என்றால் அதுவும் கிடையாது. சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பெர்ச் மீன் கொண்டுவந்தால் அது பெரிய வேட்டை. “மீனுக்கும் உன்னைப் பத்தித் தெரிஞ்சுபோச்சு அண்ணே, கிட்டவே வரமாட்டேங்குது” என்று நான் கிண்டல் செய்வேன். டார்லா சிரிக்கக்கூட மாட்டாள். “பனி தள்ளற அன்னைக்கு மட்டும் வர்ற வலிக்கு என்ன பேருன்னு உங்க ஆஸ்பத்திரியில கேட்டுச் சொல்லு” என்பாள் என்னிடம்.

நான் பெர்னி. இந்த ஊர் ஆஸ்பத்திரியில் நாலாவது மாடி வார்டில் இருபது வருஷமாக நர்ஸ். டார்லாவும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அதனால் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். கோபம் வந்தால் மட்டும் அண்ணி என்பேன்.

இப்படிப்பட்டவள் ஒரு நாள் என் சமையலறையில் உட்கார்ந்து, காப்பியில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே, “நான் நர்சிங் படிக்கப் போறேன்” என்றாள்.

“யாரைப் பிடிக்கறதுக்கு?” என்றேன்.

“விளையாடாத பெர்னி.”

“நான் எங்க விளையாடறேன்? கம்பெனி அனுப்புதா? வார்டுக்குள்ள இருந்துகிட்டே கேமரா வைக்கச் சொன்னாங்களா? அண்ணி, உங்க வேலையை நீங்க எங்க வேணா பாருங்க, என் மாடிக்கு மட்டும் வந்துடாதீங்க.”

அவள் கோபப்படவில்லை. அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. டார்லா கோபப்படாமல் இருந்தால் கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

“பொய் சொல்றவங்களைப் பிடிச்சா கம்பெனிக்கு லாபம்” என்றாள். “ஆனா பத்துப் பேர்ல நாலு பேர் நிஜமாத்தான் கிடப்பாங்க. கார்ல உக்காந்து பார்த்துட்டே இருப்பேன். தபால் பெட்டி வரைக்கும் நடந்து வர முடியாம ஒரு அம்மா வேலியைப் பிடிச்சிட்டு நின்னு அழுதா. சரி, நிஜம்னு தெரிஞ்சுபோச்சு. அப்புறம் நான் என்ன செய்வேன் தெரியுமா? கேமராவை மூடிட்டு வண்டியைக் கிளப்பிடுவேன். அவ்வளவுதான் என் வேலை. நிஜம்னு தெரிஞ்ச நிமிஷத்தோட நான் கிளம்பிடணும்.”

கேட்க நன்றாக இருந்தது. நான் நம்பவில்லை. அவளிடமே கற்றுக்கொண்டதுதான்: கேட்க நன்றாக இருக்கும் கதையை முதலில் ஒதுக்கி வை.

ஏற்கெனவே வேறு பட்டம் வைத்திருப்பவர்கள் பதினைந்து மாதத்தில் நர்சிங் பட்டத்தை முடித்துவிடலாம். அப்படி ஒரு அவசரப் படிப்பு இருக்கிறது. டார்லாவிடம் குற்றவியல் பட்டம் இருந்தது. அந்தப் படிப்பு முடித்து வருகிறவர்களை எங்கள் வார்டில் ‘மைக்ரோவேவ் நர்ஸ்’ என்போம். வெளியே சுடும், உள்ளே ஐஸ். ஒன்றிரண்டு பேர் அப்படி இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும், ஆனால் யாரும் கேட்காதபோது நானாக ஒப்புக்கொள்வது வழக்கமில்லை.

டார்லாவுக்கு நேரம் நெருக்கிக்கொண்டிருந்தது. இந்தப் படிப்பில் சேர முதலில் உடற்கூறு பாடம் முடித்திருக்க வேண்டும். அதற்கு ஐந்து வருஷம்தான் ஆயுசு. யாருக்கும் சொல்லாமல் மாலை வகுப்பில் அவள் அதை முடித்து நாலே முக்கால் வருஷம் ஆகிவிட்டிருந்தது. இந்த மே மாதம் எங்காவது சேர்ந்தால் உண்டு, இல்லையென்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க வேண்டும். அவளுக்கு நாற்பத்தி நாலு. முதலிலிருந்து ஆரம்பிக்கமாட்டாள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“அஞ்சு வருஷத்துல மனுஷனுக்கு எலும்பா மாறிடுது?” என்று புலம்பினாள்.

“உனக்கு மறந்துடும்னு பயப்படறாங்க.”

“எனக்கா? மறக்கறதா?” என்றாள். அதுவும் சரிதான். எட்டாம் வகுப்பில் நான் அவளிடம் இரவல் வாங்கிய பேனாவை இன்னும் கேட்கிறாள்.

க்ளீவ்லாந்து பக்கம் இருந்த கல்லூரிகள் நிரம்பிவிட்டன. மிஞ்சியது இரண்டு. டார்லா இரண்டையும் இழப்பீடு கேட்டு வந்த ஆசாமிகளைப் போலவே நடத்தினாள்.

முதலாவது, மாலுக்குப் பக்கத்தில் பழைய சோபாக் கடை இருந்த இடத்தில் எழும்பிய கண்ணாடிக் கட்டிடம். அங்கிருந்து மெக்கென்னா என்று ஒரு பெண் தினமும் போன் செய்வாள். குரலில் தேன் வழியும்.

“டார்லா, உங்க கனவுக்கு இன்னும் ஒரே ஒரு அடிதான்! எங்க மாணவர்கள்ல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டுப் பேர் லைசென்ஸ் பரீட்சையில முதல் தடவையே பாஸ்!”

“பரீட்சை எழுதினவங்கள்லயா, படிப்பில சேர்ந்தவங்கள்லயா?”

“தொண்ணூத்தெட்டு, டார்லா!”

“சேர்ந்தவங்க எத்தனை பேர்? எழுத விட்டது எத்தனை பேரை?”

“அதை எங்க கல்வி ஆலோசகர்கிட்ட கேட்டுச் சொல்றேன்.”

“நீங்கதானே கல்வி ஆலோசகர்?”

டார்லா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். இன்சூரன்ஸ் வேலையை விட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது; அதற்குப் பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு அவள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். கண்ணாடிக் கட்டிடத்துக்கு எதிரே காரை நிறுத்திக் காத்திருந்தாள். விடுமுறை நாளில் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். இன்ஜினை அணைத்துவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, ஆளுக்கு ஒரு கம்பளிக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தோம். கண்ணாடியில் மூச்சு படியக் கூடாதாம். மூச்சு விடுவதைப் பற்றிக்கூட எனக்கு அன்று பாடம் நடந்தது.

“பாரு” என்றாள். “காலைல வந்தவங்க யாரும் வெளிய போகல. நர்சிங் படிக்கிற பசங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாமா? உங்க வார்டுக்கு இவங்க சீருடையில யாராவது வந்திருக்காங்களா?”

யோசித்துப் பார்த்தேன். வந்ததில்லை.

பின்வாசலில் புகைபிடிக்க வந்த ஒரு பெண்ணிடம் போய் டார்லா நெருப்பு கேட்டாள். டார்லா புகைபிடிக்கமாட்டாள். திரும்பி வந்தபோது சொன்னாள்: “பொம்மைகிட்டதான் பழகறாங்களாம். அதுக்கு மூச்சு வரும், வியர்க்கும், ஆனா வாய் பேச மானிட்டர் ரூம்லேருந்து ஒருத்தர் மைக்ல பேசுவாராம். ஆஸ்பத்திரிப் பயிற்சின்னு மருந்துக்கடையில சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட நிக்க வெச்சாங்களாம்.”

கடைசிச் சோதனை என் தொழிலிலிருந்து எடுத்தது. ஒருமுறை டார்லா என் வார்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்து, சுற்றிலும் பார்த்து, “இன்னைக்கு ரொம்ப அமைதியா இருக்கே” என்று சொல்லிவிட்டாள். மேஜையில் இருந்த அத்தனை பேரும் அவளைக் கொல்லப் போகிறவர்கள் மாதிரி பார்த்தோம். வேலை நேரத்தில் ‘அமைதி’ என்ற வார்த்தையை நாங்கள் யாரும் வாயில் எடுக்கமாட்டோம். எடுத்தால் அன்றைக்கு வார்டு இரண்டுபட்டுவிடும். படித்தவர்கள்தான், ஆனால் இதில் மட்டும் விஞ்ஞானம் பேசமாட்டோம். அன்றும் அப்படியே ஆனது. ஒருவர் கட்டிலிலிருந்து விழுந்தார், இன்னொருவருக்கு மூச்சு நின்றது, டார்லா கொண்டுவந்த கொழுக்கட்டையை மறுநாள் காலையில்தான் சாப்பிட்டேன். பியரோகி என்போம் அதை.

கண்ணாடிக் கட்டிடத்தில் எல்லாருக்கும் சுற்றிக்காட்டும் நாளன்று நாங்கள் இரண்டு பேரும் போனபோது, அந்த இடத்தின் பயிற்சி இயக்குநர் என்று ஒரு அம்மாள் வெள்ளைக் கோட்டில் வந்தாள். பொம்மைகள் படுத்திருந்த வார்டில் நின்று டார்லா வேண்டுமென்றே, “இன்னைக்கு இங்க ரொம்ப அமைதியா இருக்கு இல்ல?” என்றாள்.

“ஆமாம்! அமைதி, ரொம்ப அமைதி. எப்பவுமே இப்படித்தான்” என்று அந்த அம்மாள் வாய் நிறையச் சொன்னாள்.

டார்லா வாசலுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அந்தப் பொம்பளை வார்டுல நின்னு எத்தனை வருஷம் ஆச்சோ பெர்னி. நின்னாளோ இல்லையோ.”

சரி, அதோடு அந்த இடம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. ஏனென்றால் மெக்கென்னா மறுநாளே போன் செய்து இடம் தந்துவிட்டாள். நேர்காணல் இல்லை, கேள்வி இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சரி என்று சொன்னால் மே மாதம் வகுப்பு. பொய்யோ மெய்யோ, கையில் ஒரு இடம்.

இரண்டாவது, எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் பழைய கல்லூரி. போன் செய்தால் யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் வள்ளென்று விழுவார்கள். வகுப்பறையில் ஹீட்டர் டொக் டொக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். டார்லாவுக்கு அதிலும் சந்தேகம். “இவ்வளவு மோசமா நடத்தறாங்கன்னா, எதையோ மறைக்கறாங்க.” எங்கள் கேண்டீனில் மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தாள். அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் தூக்கம் கெட்ட கண்களோடு வந்து, நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு, பாதி வாயில் இருக்கும்போதே மாடிக்கு ஓடினார்கள். என் வார்டுக் கிழட்டு நர்ஸ்கள் அவர்களைத் திட்டினார்கள். “திட்டறாங்கன்னா ஆளா மதிக்கறாங்கன்னு அர்த்தம்” என்றாள் டார்லா. அவளிடமிருந்து வந்த பெரிய பாராட்டு அதுதான்.

புதன்கிழமை அங்கே நேர்காணல். எடுத்தவள் திருமதி ஆர்சீனி. எனக்கு நன்றாகத் தெரியும். அவள் சிரித்துப் பார்த்தவர்கள் ஊரில் இல்லை. கேள்வி எதுவும் கேட்காமல் டார்லாவை ஒரு அறைக்குள் அனுப்பினாளாம். உள்ளே கட்டிலில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், ஆஸ்பத்திரி அங்கி போட்டுக்கொண்டு, நோயாளியாக நடிக்க வந்தவர். போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டு, மடியில் சிப்ஸ் பாக்கெட். கொஞ்ச நேரம் அவரோடு பேசிவிட்டு வெளியே வந்து, ஷிப்ட் மாறும்போது அடுத்த நர்ஸிடம் சொல்வதுபோல நோயாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

டார்லா பிரமாதமாகச் சொல்லியிருக்கிறாள். மூச்சு எப்படி இருந்தது, தோலின் நிறம், விரலில் மோதிரம் அழுந்திய தடம், இடது கணுக்காலில் வீக்கம், ரிமோட்டை எடுக்க எந்தப் பக்கம் திரும்பினார் என்பது வரைக்கும். ஆர்சீனி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். கடைசியில் டார்லா சொன்னாள்: “வலி பத்துக்கு எட்டுன்னு சொல்லிக்கிறார்.”

“சொல்றாரா, சொல்லிக்கிறாரா?” என்றாள் ஆர்சீனி.

“ரெண்டும் ஒண்ணுதானே.”

“இல்லையே. நீங்க இதுக்கு முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க?”

“இன்சூரன்ஸ்.”

“தெரிஞ்சுது” என்றாளாம். “அவருக்கு வலி எவ்வளவு?”

“அவர் சிப்ஸ் தின்னுட்டு இருந்தார் மேடம். சிரிச்சிட்டு இருந்தார். எட்டு வலி இருக்கறவன்…”

“நான் அதைக் கேட்கல. அவருக்கு வலி எவ்வளவு?”

ஆர்சீனி அவளைக் காத்திருப்போர் வரிசையில் போட்டாள். முதல் பெயர். யாராவது விலகினால் இடம். விலகாவிட்டால் இல்லை.

என் ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு வந்து கார் நிறுத்துமிடத்தில் கத்தினாள். “ஒரே ஒரு வார்த்தைக்காக! மோதிரத் தடத்தைப் பார்த்தவ நான் ஒருத்திதான். மத்தவங்க எல்லாம் ‘ஐயோ பாவம் வலிக்குதா’ன்னு கேட்டுட்டு வந்திருப்பாங்க. ஏமாளிங்கதான் வேணும்னா நேரா சொல்லிடலாமே!”

“அவ செஞ்சது சரி” என்றேன்.

“நீயுமா?”

“வலிக்கு மீட்டர் கிடையாது டார்லா. அவங்க சொல்றதுதான் வலி. பொய் சொன்னா சொல்லிட்டுப் போகட்டும், அதை டாக்டர் பார்த்துப்பார். நிஜத்தைப் பொய்னு நெனச்சு நீ கேமராவை மூடிட்டுப் போயிட்டா அங்க அவங்களுக்கு யாரும் இல்ல.” நான் இதைக் கொஞ்சம் அழகாகவே சொல்லிவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை. அந்தப் பெருமை எத்தனை நாள் நின்றது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவள் கார்க் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாள். கண்ணாடிக் கட்டிடத்துக்குத்தான் போகப்போகிறாள் என்று தீர்மானித்துவிட்டேன். வேறு என்ன செய்வாள்? உறுதியான இடத்தை விட்டுவிட்டு, யாரோ விலகுவார் என்று மே மாதம் வரைக்கும் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்க அவள் முட்டாளா? பொம்மையிடம் படித்தாலும் லைசென்ஸ் லைசென்ஸ்தான். நானே அப்படித்தான் செய்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என் சமையலறைக்கு வந்தாள். வெளியே காலையிலிருந்து பனி. போனை மேஜையில் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டு மெக்கென்னாவைக் கூப்பிட்டாள்.

“டார்லா! இந்த நாளுக்காகத்தான் காத்துட்டு இருந்தோம். நாங்க உங்களை நம்பறோம்!”

“எதை வெச்சு?” என்றாள் டார்லா.

“புரியல.”

“என்னை எதை வெச்சு நம்பறீங்க? என்னைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? ஒரு கேள்விகூடக் கேக்கலையே.”

“உங்க… உங்க ஆர்வம், டார்லா!”

“எனக்கு இடம் வேண்டாம்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

நான் எழுந்து நின்று கத்தினேன். “பைத்தியமா அண்ணி உங்களுக்கு? இருந்த ஒண்ணையும் விட்டுட்டீங்களே! மே மாசம் யாரும் விலகலைன்னா என்ன செய்வீங்க? திரும்ப தெருமுனையில காரை நிறுத்துவீங்களா?”

“அங்க என்னை ஒரு நிமிஷம்கூட யாரும் சந்தேகப்படல பெர்னி” என்றாள். “அந்த ஆர்சீனிதான் சந்தேகப்பட்டா. வாயைத் திறந்ததும் கண்டுபிடிச்சா. பதினாறு வருஷமா நான் செஞ்ச வேலையை அவ எனக்குச் செஞ்சுட்டா. என்னை அப்படியே உள்ள விட்டுடற இடத்துல, யாரைத்தான் விடமாட்டாங்க? என் அம்மா படுத்திருந்தா அங்க படிச்சவளை நான் பக்கத்துல விடமாட்டேன். என்னால ஆர்சீனியைத்தான் நம்ப முடியுது.”

அவளுக்கு அழுகை வந்தது. அவள் அழுது நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. என் கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் பியரோகி சூடாக்கி வைத்தேன்.

இடம் கிடைத்ததா என்று கேட்பீர்கள். ஏப்ரல் கடைசியில் கிடைத்தது. சாண்டஸ்கியிலிருந்து சேர்ந்திருந்த ஒருவர் மனம் மாறி சமையல் படிக்கப் போய்விட்டார். அது அவருடைய கதை. நான் சொல்ல வந்தது அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடந்தது.

அவளைத் தனியாக விட மனமில்லாமல் நானும் அவளோடு வீட்டுக்குப் போனேன். வாசலில் முழங்கால் அளவு பனி, யாரும் தள்ளவில்லை. உள்ளே லென் சோபாவில் படுத்திருந்தான். அன்று அவனுக்கு வேலையில்லை. கதவுக்குப் பக்கத்தில் பூட்ஸ் ஈரமாக நின்றது. அதன் மேல் ஒரு மீன் செதில்கூட இல்லை. துரப்பணம் கொல்லைக் கதவோரம் சொட்டிக்கொண்டிருந்தது. ஏரிக்குப் போய்வந்திருக்கிறான். அதைக் கண்டுபிடிக்கத் துப்பறிகிறவள் தேவையில்லை.

“நாளைக்குத் தள்ளறேன்” என்றான் லென், நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே. “இடுப்பு வலிக்குது.”

டார்லா என்ன சொல்வாள் என்று எனக்கு மனப்பாடம். காத்திருந்தேன். அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் போய், சோபாவுக்கு எதிரே இருந்த குட்டை மேஜையில் உட்கார்ந்தாள்.

“எங்க வலிக்குது?”

லென் என்னைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். “எதுக்குக் கேக்கற? கேமரா எங்க வெச்சிருக்க?”

“கேமரா இல்ல. எங்கன்னு காட்டு.”

திரும்பிப் படுத்துக் காட்டினான்.

“பத்துக்கு எவ்வளவு?”

அவன் ரொம்ப நேரம் யோசித்தான். கணக்கில் மாட்டிக்கொள்வோமோ என்று பயந்தவன் மாதிரி. “ஏழு” என்றான்.

என்னால் பொறுக்க முடியவில்லை. இருபது வருஷம் நர்ஸ், புதன்கிழமைதான் அவ்வளவு அழகாகப் பேசியவள், நானேதான் சொன்னேன்: “ஏழாம்! காலைல ஏரியில உக்காந்து மீன் பிடிச்சிருக்கார் துரை. பூட்ஸைப் பாரு டார்லா, துரப்பணத்தைப் பாரு!”

“பார்த்தேன்” என்றாள் அவள், திரும்பாமலே. “ஏரிக்குப் போயிருக்கான். வலி ஏழுன்னு சொல்றான். ரெண்டும் இருக்கட்டும்.” பிறகு அவனிடம், “ஏரியில என்ன செய்வ?” என்று கேட்டாள். குற்றவாளியிடம் கேட்கிற குரல் இல்லை அது. தெரியாததைக் கேட்கிற குரல்.

லென் சுவரைப் பார்த்தபடியே பேசினான். “கூடாரத்துக்குள்ள பனிமேல மல்லாந்து படுத்துக்குவேன். அந்தக் குளிர்ல இடுப்பு மரத்துப்போயிடும். அங்க மட்டும்தான் வலி நிக்கும். தூண்டில் சும்மா தொங்கும்.”

குளிர்காலம் பூராவும் அவன் மீன் இல்லாமல் திரும்பியதற்கு நான் சொன்ன ஜோக்குகள் ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் வந்தன. டார்லா கையை நீட்டி, அவன் காட்டிய இடத்தில் வைத்தாள்.

“இதை ஏன் முன்னாடியே சொல்லல?” என்றாள்.

“சொன்னேனே” என்றான் லென்.